கன்னிக்கால் எப்படித் தழைக்கிறது?

கல்யாண வீட்டில் ஒரு பச்சைக் கொம்பை நட்டு, மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுவதைப் பார்த்திருப்பீர்கள். கன்னிக்கால், முகூர்த்தக்கால் என்று ஊருக்கு ஒரு பெயர். பல வீடுகளில் அது முள்முருக்குக் கொம்பு. கல்யாணம் முடிந்ததும் முற்றத்தில் நட்டுத் தண்ணீர் விடுவார்கள். அது தழைத்தால் குடும்பமும் தழைக்கும் என்பது பெரியவர்களின் நம்பிக்கை.

குடும்பத்தைப் பற்றி அறிவியலுக்குத் தெரியாது. ஆனால் வேரில்லாத கொம்பு தழைக்கும் விதம் தெரியும்.

கொம்பின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஈரமான மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. புதிய கலங்கள் அங்கேதான் உண்டாகும். நுனிப்பக்கம் சுரக்கும் ஆக்சின் என்ற ஓமோன் கீழே இறங்கி, வெட்டுவாயில் வந்து தேங்கும். அது தூண்டிவிட, அங்குள்ள கலங்கள் வேராகின்றன. கொம்பைத் தலைகீழாக நட்டுவிட்டால்? ஆக்சின் அப்போதும் பழைய அடிப்பக்கத்துக்கே போகும். அதுவோ மேலே வெயிலில் நிற்கிறது! "அடி எது, நுனி எது என்று பார்த்து நடுடா" என்று தாத்தா அதட்டுவது சும்மா இல்லை.

முள்முருக்கின் இனத்து மரம் ஒன்றை இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் நட்டார்கள். துரைமார் அதை டடாப் என்றார்கள். இரத்தினபுரிப் பக்கம் கிளிரிசிடியாவும் உண்டு. இரண்டும் அவரைக் குடும்பம். இரண்டும் கொம்பு நட்டாலே வரும்.

தேயிலைக்கு நிழல் தர மட்டுமா இவற்றை நட்டார்கள்? இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அது மண்ணிலுள்ள நைதரசனைக் கரைத்துக்கொண்டு போகும். கிள்ளும் தேயிலைக் கொழுந்தோடும் ஒரு பங்கு போய்விடும். காற்றில் 78 சதவீதம் நைதரசன் இருந்தும் தேயிலையால் அதை நேரே எடுக்க முடியாது. இந்த மரங்களின் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் றைசோபியம் பற்றீரியாவால் முடியும். மரம் அதற்குச் சீனி கொடுக்கிறது. அது மரத்துக்கு நைதரசன் கொடுக்கிறது. கொப்புகளை வெட்டித் தேயிலை அடியில் போட்டால், இலை உக்கிப் பசளையாகும்.

அந்த முடிச்சைப் பார்க்க மரத்தைத் தோண்ட வேண்டாம். தோட்டத்து லய வீடுகளுக்குப் பக்கத்தில் வளரும் தொட்டாற்சுருங்கியும் அவரைக் குடும்பந்தான். வேரைக் கழுவினால் சின்னச் சின்ன உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பற்றீரியா வேலை செய்கிறது. நம் இரத்தத்துக்கு நிறம் தரும் ஈமோகுளோபினின் உறவுக்காரப் பொருள் ஒன்றுதான் அந்தச் சிவப்பு. செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். முடிச்சுகள் மண்ணிலேயே நின்றுவிடும். மண்ணோடு தோண்டி எடுங்கள். முள் கவனம்!