துருசு திறக்கும் புது ஆளுக்கு என்ன சொல்ல வேண்டும்?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் துருசை, அதாவது மதகுக் கதவை, சற்று உயர்த்தினால் வாய்க்கால் போகும் இடமெல்லாம் தண்ணீர் ஏறும். திறப்பவரின் கண்ணுக்குக் கடைசிக் காணி தெரியாது. ஆனாலும் எவ்வளவு திறக்கலாம், எந்தப் பக்கம் முதலில் விடவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரரோடு பேசி எடுத்த முடிவு அது.

இணையத்தளங்களுக்குள்ளும் இப்படித் துருசுகள் உண்டு. 'வடிவமைப்பு மாறி' என்பது அவற்றின் பெயர். 'டிசைன் டோக்கன்' என்றும் சொல்வார்கள். ஒரு தளத்தில் நூறு பொத்தான்கள் இருந்தால் நூறிலும் பச்சை நிறத்தைத் தனித்தனியே எழுதுவதில்லை. 'முதன்மை நிறம்' என்று ஒரு பெயர் வைத்து, நிறத்தின் இலக்கத்தை ஒரே இடத்தில் குறித்துவிடுவார்கள். அங்கே மாற்றினால் நூறும் மாறும். எழுத்தின் அளவு, வரி இடைவெளி, எழுத்துரு எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும் ஃபிக்மா மென்பொருளில் 2023 ஜூனில் இந்த மாறிகள் வந்தன. ஒரே மாறிக்கு ஆங்கிலத்தில் ஒரு மதிப்பு, தமிழில் இன்னொரு மதிப்பு என வைக்கலாம். ஒரு மாறி இன்னொன்றைச் சுட்டி நிற்கவும் முடியும். அதனால் 'சிவப்பு' மாறினால் அதைச் சுட்டும் 'எச்சரிக்கை நிற'மும் கூடவே மாறும்.

இப்போது இந்தத் துருசடிக்குப் புது ஆள் ஒருவர் வந்திருக்கிறார்: சொன்ன வேலையைத் தானே செய்யும் மென்பொருளான செயற்கை நுண்ணறிவு முகவர். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது. முகவரையும் கருவிகளையும் இணைக்கும் பொதுவழி அது. ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும், தான் செய்யும் வேலையையும், தனக்கு வேண்டிய தகவல்களையும் முகவரிடம் சொல்லும். அந்த விளக்கத்தை வாசித்துத்தான் எந்தக் கருவியை எடுப்பது, எப்படி இயக்குவது என்று முகவர் தீர்மானிக்கிறது. மனிதராகிய நாம் கையேட்டைத் திறக்காமலே வேலை பழகிவிடலாம். பிழைத்தால் திரையில் கண்டு திருத்துவோம். முகவரோ பல வேளைகளில் திரையையே பார்ப்பதில்லை. எழுதிக் கொடுத்த வசனம் மட்டுமே அதன் கண்.

ஒரு கருவியின் விளக்கத்தில் 'மாறியை மாற்றும்' என்று இரண்டு சொல்லில் எழுதிவைத்தால் விபத்துக்கு அழைப்பு விடுத்ததாகும். இப்படி எழுதலாம்: 'ஒரு மாறியின் மதிப்பை, குறிப்பிட்ட மொழிக்கு மட்டும் மாற்றும். மொழி குறிப்பிடாவிட்டால் எதையும் மாற்றாமல் பிழைச்செய்தி தரும். மாற்றுமுன் இந்த மாறியைச் சுட்டும் மற்ற மாறிகளின் பட்டியலை எடுத்துப் பார்க்கவும்.' எதைச் செய்யும் என்பதோடு எதைச் செய்யாது, எதற்கு முன் செய்யக்கூடாது என்பதும் இதில் இருக்கிறது. என் கணிப்பில் பின்னவைதான் முக்கியம்.

தமிழுக்கு இது இன்னும் கூர்மையான விஷயம். பிரதேச செயலகம் ஒன்றின் மும்மொழித் தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்துக்கு அளவாக வரி இடைவெளியைக் குறைத்தால், மேல்வரியில் 'கூ' எழுத்தின் அடிப்பகுதி கீழ்வரியின் புள்ளியோடு முட்டும். ஆங்கிலத்தில் 'சேவ்' என்ற நாலெழுத்துக்கு அமைத்த பொத்தானில் 'சேமிக்கவும்' அடங்காது. இவற்றைச் சொல்லாத விளக்கம் தமிழருக்குப் பாதி விளக்கம்.

பாமினியை மறக்கக்கூடாது. இலங்கைத் தமிழ்க் கோப்புகளில் எத்தனையோ இன்னமும் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய பழைய முறை அது. கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. இப்படிப்பட்ட உரை உள்ள தளத்தில் முகவர் எழுத்துரு மாறியை நோட்டோ தமிழ் என்ற யூனிகோடு எழுத்துருவுக்கு மாற்றினால் ஒரு நொடியில் முழுத்தளமும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகிவிடும். 'முதலில் உரையை யூனிகோடுக்கு மாற்றவும், பிறகே எழுத்துருவைத் தொடவும்' என்ற ஒற்றை வசனம் அதைத் தடுக்கும். அதை எழுதப் பாமினியில் தட்டச்சுச் செய்த ஒருவர் வேண்டும்.

2025 அக்டோபரில் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் சமூகக் குழு ஒன்று டிசைன் டோக்கனுக்கான முதல் நிலையான வடிவத்தை வெளியிட்டது. ஒவ்வொரு டோக்கனுக்கும் அதில் விவரணம் எழுத இடமுண்டு, கட்டாயமில்லை. அந்த இடத்தில் நம் அறிவை எழுதி வைக்க யாருக்கும் தடையில்லை.

இந்த வேலையைத் தொடங்க நம் பக்கத்திலேயே இடங்கள் உண்டு. வவுனியாவில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. இவ்விடங்களில் படிக்கும் தம்பி, தங்கைகளே, அடுத்த செயற்றிட்டத்தில் ஒரு கருவிக்காவது முகவர் வாசிக்கும் விளக்கத்தை நீங்களே எழுதுங்கள். எழுதியதை ஒரு முகவரிடம் கொடுத்து, தமிழ்ப் பக்கத்தைத் திறந்து உங்கள் கண்ணாலே சரிபாருங்கள்.