2 வருஷம் விலை போகாத இரும்புக் கலப்பை!
பம்பு செட் 'கிர்லோஸ்கர்' பிறந்த கதை

கிணற்று மோட்டாரில் 'கிர்லோஸ்கர்' என்ற பெயரைப் பார்க்காத விவசாயி குறைவு. அது ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனி என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. மராட்டியக் குடும்பம் ஒன்றின் பெயர் அது. சைக்கிள் கடையில் ஆரம்பித்த குடும்பம்!

லட்சுமண்ராவ் கிர்லோஸ்கர் 1869-ம் ஆண்டு பிறந்தவர். ஓவியராக ஆசைப்பட்டு பம்பாய் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். நிறம் பிரித்துப் பார்ப்பதில் கண்ணில் கோளாறு என்று தெரியவந்தது. ஆசை மண்ணாயிற்று. மெஷின் படம் வரையக் கற்று, பம்பாய் தொழிற்கல்விக் கூடத்தில் வாத்தியார் ஆனார். அங்கே தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ-இந்தியருக்குப் போகவே, வேலையை உதறிவிட்டு பெல்காமுக்கு வந்துவிட்டார்.

அங்கே அண்ணனுடன் சேர்ந்து 1888-ல் தொடங்கிய சைக்கிள் கடை இருந்தது. சைக்கிள் விற்பதோடு ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். அதற்குத் தனிக் கட்டணம்!

மண் விஷமாகும்!

மாட்டுத் தீவனம் வெட்டும் மெஷினுக்குப் பிறகு, 1903-ல் இரும்புக் கலப்பை செய்தார் லட்சுமண்ராவ். மரக்கலப்பையை விட ஆழமாக உழும். ஆனால் ஒருத்தர்கூட வாங்க முன்வரவில்லை.

இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகளுக்குப் பயம். கையில் இருந்த பணம் எல்லாம் இரும்பாகக் கிடந்தது. 2 வருஷம் கழித்துத்தான் கலப்பை விலை போயிற்று.

வியாபாரம் சூடுபிடித்த நேரத்தில் அடுத்த இடி. ஊரை விரிவாக்க வேண்டும், இடத்தைக் காலி செய் என்றது பெல்காம் நகராட்சி. (நகராட்சி நோட்டீசு அன்றும் இன்றும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.)

கைகொடுத்தவர் ஔந்த் ராஜா. குண்டல் ரோடு ரெயில் நிலையம் பக்கம் 32 ஏக்கர் தரிசு கொடுத்தார். பார்த்த இடம் எல்லாம் கள்ளி, நல்லபாம்பு. 1910-ல் அங்கே குடியேறினார்கள். அதுதான் இன்றைய கிர்லோஸ்கர்வாடி. ஜெயிலுக்குப் போய் வந்தவர்களை இரவுக் காவலுக்கு வைத்தார் லட்சுமண்ராவ்!

முதல் உலகப் போரில் இரும்பு கிடைக்கவில்லை. கோலாப்பூர் ராஜாவின் பழைய பீரங்கிகளை வாங்கி உருக்கிக் கலப்பை வார்த்தார்கள்.

பம்பு வந்தது

மாடு கட்டி கவலை இறைத்த காலம் அது. 1926-ல் இந்தக் கம்பெனியின் முதல் பம்பு வந்தது. உள்ளே சக்கரம் வேகமாகச் சுழன்று தண்ணீரை உதறித் தள்ளும் ரகம். கரண்டு இல்லாத ஊரில் அதை ஓட்ட என்ஜின் வேண்டுமே? அதற்காக 1946-ல் புனாவில் ஆயில் என்ஜின் கம்பெனி தொடங்கினார்கள்.

1948 ஜனவரி. காந்திஜியைச் சுட்டவன் பிராமணன் என்று தெரிந்ததும் அந்தப் பகுதியில் பிராமணர் வீடு, கடைகளுக்குத் தீ வைத்தது கும்பல். கிர்லோஸ்கர்வாடி தொழிற்சாலையும் தப்பவில்லை. கண்ணெதிரே எரிந்ததை மறுபடி எழுப்பினார்கள். 1956-ல் லட்சுமண்ராவ் காலமானார்.

2018-ல் தாய்லாந்து குகையில் 12 சிறுவர்கள் சிக்கியபோது, தண்ணீரை இறைத்து வெளியேற்ற யோசனை சொல்லப் போனவர்களில் இந்தக் கம்பெனிக்காரர்களும் இருந்தார்கள்.

வீட்டுச் சண்டை

கொள்ளுப்பேரன்கள் காலத்தில் சண்டை கோர்ட்டுக்கு வந்தது. அண்ணன் தம்பிகள் 2009-ல் குடும்ப ஒப்பந்தம் எழுதிக்கொண்டவர்கள்தான். 2017-ல் ஆயில் என்ஜின் கம்பெனி இன்னொரு பம்பு கம்பெனியை வாங்கியது. 'போட்டித் தொழில் செய்யக்கூடாது என்றுதானே எழுதினோம்?' என்பது ஒரு தரப்பு வாதம். அந்த ஒப்பந்தம் தங்கள் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்பது மறுதரப்பு.

வழக்கு ஏறி ஏறி டெல்லிக்குப் போயிற்று. குடும்ப விவகாரம்தானே, சமரசம் பேசிப் பாருங்களேன் என்று 2021-ல் யோசனை சொன்னது சுப்ரீம் கோர்ட்டு.