உங்களுக்குத் தெரியுமா? இதயத்தசைக்கு இரத்தம் பாய்வது பெரும்பாலும் அது தளரும்போதுதான்!

நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தை உடலெங்கும் செலுத்தும் இதயம், தன் தடித்த சுவருக்கு வேண்டிய ஆக்சிஜனை அறைகளுக்குள் நிறைந்திருக்கும் இரத்தத்திலிருந்து நேரடியாகப் பெறுவதில்லை. மகாதமனியின், அதாவது இதயத்திலிருந்து புறப்படும் முதன்மைக் குழாயின், அடிப்பகுதியில் கிளைக்கும் இதயத் தமனிகளே (கரோனரி) அதனைக் கொண்டுசேர்க்கின்றன. இடது கீழறை சுருங்கும்போது தசைக்குள் புதைந்த நுண்குழாய்கள் நசுங்கிவிடுவதால், அவ்வறையின் சுவருக்குரிய இரத்தத்தில் பெரும்பகுதி அடுத்த துடிப்புக்கு முன் அது தளர்ந்து விரியும் குறுகிய இடைவெளியிலேயே பாய்கிறது.

• ஓய்வுநிலையில் உடல் முழுவதும் சராசரியாக இரத்த ஆக்சிஜனில் நான்கில் ஒரு பங்கையே பயன்படுத்த, இதயத்தசை ஏறத்தாழ 70 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. கூடுதல் தேவைக்குக் கூடுதல் இரத்தமே வழி என்பதால்தான் தமனி அடைப்பு இத்துணைக் கொடியதாகிறது.

• அடைபட்ட இடத்தைத் தாண்டி இரத்தத்துக்கு மாற்றுவழி அமைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சை, இந்தியாவில் முதன்முதலாக 1975இல் மருத்துவர் கே. எம். செரியனால் வெற்றிகரமாகச் செய்யப்பட்டது. அது நிகழ்ந்த இடம், தெற்கு ரயில்வேயின் பெரம்பூர் மருத்துவமனை என்பது தமிழகம் பெருமையுடன் நினைக்கத்தக்கது.

• இச்சிகிச்சைக்குக் காலிலிருந்து எடுக்கப்படும் சிரை தலைகீழாகத் திருப்பியே பொருத்தப்படுகிறது. இரத்தத்தை ஒரே திசையில் செல்லவிடும் வால்வுகள் அதனுள் இருப்பதால், திருப்பாவிட்டால் அவையே ஓட்டத்தைத் தடுத்துவிடும்.