பழுதும் பரிகாரமும் – 11: இரண்டாவது மொனிற்றரில் மட்டும் ஏன்?

ஒரு மொனிற்றரோடு ஒழுங்காக ஓடிய கணினி, பக்கத்தில் இன்னொன்றை வைத்ததும் குழப்படி செய்யத் தொடங்கும். விண்டோவை இழுத்தால் படம் குறுக்கே கிழியும். மெனுவின் நிழல் விழவேண்டிய இடத்தில் கறுப்புப் பெட்டி தெரியும். மூடிய விண்டோவின் மிச்சம் அழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். திருத்துகிறவரிடம் கொண்டுபோனால் அநேகமாக ஒரே தீர்ப்புத்தான்: "விண்டோஸைத் திரும்ப அடிச்சு விடுவம்." அடித்த பிறகும் அதே கிழிசல். பழுது எங்கே இருக்கிறது என்று தேடாமலே வைத்தியம் நடந்ததுதான் காரணம்.

உண்மையான வைத்தியம் அப்படி அல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மருத்துவ மாணவர்களைப் பயிற்றினார். மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். எந்த வைத்தியருக்கும் உரிய, நோயாளியைச் சோதித்து நோயின் இடத்தைக் கண்ட பிறகே மருந்து என்ற ஒழுங்கு, கணினிக்கும் பொருந்தும்.

மானிப்பாயில் கல்யாண அல்பம் வடிவமைக்கும் ஸ்ரூடியோ ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மேசையில் 1920×1080 அளவில் ஒரு புது மொனிற்றர். அதற்குப் பக்கத்தில், கருவிப் பட்டிகளை ஒதுக்கிவைப்பதற்காக, 1280×1024 அளவில் ஒரு பழைய சதுர மொனிற்றர். புதியது எச்.டி.எம்.ஐ. வயரில், பழையது வி.ஜி.ஏ. வயரில். கோளாறு வருவதற்கு வேண்டிய எல்லாம் இந்த மேசையில் இருக்கிறது.

முதலில் செய்யவேண்டியது ஒரு ஸ்கிறீன்ஷொட் எடுப்பது. நிழல், ஒளிபுகும் ஓரம், மெல்ல மறையும் மெனு போன்ற அலங்காரங்களை எல்லாம் கொம்பொசிற்றர் என்ற மென்பொருள்தான் ஒன்றாக அடுக்கி, முழுப்படமாக நினைவகத்தில் வைக்கிறது. ஸ்கிறீன்ஷொட் பிடிப்பது அந்தப் படத்தையே. கோளாறு அதிலும் தெரிந்தால், பழுது மென்பொருளில்: அலங்காரங்களில், கிராபிக்ஸ் டிரைவரில் அல்லது அந்தச் செயலியில். கண்ணுக்குத் தெரிகிற கோளாறு ஸ்கிறீன்ஷொட்டில் இல்லையென்றால், படம் நினைவகத்தை விட்டுப் புறப்பட்ட பிறகே கெட்டிருக்கிறது: வயர், வயர்களை இணைக்கும் மாற்றி (அடப்டர்), மொனிற்றர் அல்லது படம் அனுப்பும் நேரக் கணக்கு. ஒரு சதமும் செலவில்லாத இந்தச் சோதனை, தேடவேண்டிய இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

குறுக்கே கிழியும் படம் ஸ்கிறீன்ஷொட்டில் வராது. அது நேரக் கணக்கின் கோளாறு. 60 ஹேர்ட்ஸ் மொனிற்றர் 16.7 மில்லிசெக்கனுக்கு ஒரு படம் கேட்கும்; 75 ஹேர்ட்ஸ் மொனிற்றர் 13.3 மில்லிசெக்கனுக்கு ஒன்று கேட்கும். கொம்பொசிற்றர் இரண்டுக்கும் ஒரே தாளத்தில் படம் கொடுத்தால், ஒன்றில் கிழியும் அல்லது விக்கும். இரண்டையும் 60க்குக் கொண்டுவந்து பாருங்கள். அத்தோடு கிழிசல் நின்றுவிட்டால் பழுது பிடிபட்டுவிட்டது.

லினக்ஸ் பாவிப்பவர்களுக்கு இதில் ஒரு பழைய கதை உண்டு. திரையில் படம் காட்டுவதற்காக 1987 இல் வெளிவந்த எக்ஸ்11 முறையில், எத்தனை மொனிற்றர் வைத்தாலும் பொதுவாக உள்ளே ஒரே பெரிய படம்தான். நம் ஸ்ரூடியோவின் மேசையில் அந்தப் படம் 3200×1080. சதுர மொனிற்றரின் உயரம் 56 புள்ளி குறைவு என்பதால், அதன் மேலோ கீழோ 1280×56 அளவில் யார் கண்ணிலும் படாத ஒரு கீற்று மிஞ்சும். சில வேளை விண்டோவின் விளிம்பு அந்தக் கீற்றுக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

அந்த ஒரே படம்தான் 2006, 2007 காலத்தில் பலரை அலையவைத்தது. கொம்பிஸ் என்ற கொம்பொசிற்றர் வந்து, கனசதுரமாகச் சுழலும் திரையைப் பார்க்க எல்லோரும் ஆசைப்பட்ட நேரம் அது. அப்போது பரவலாக இருந்த இன்டெல் 945 தொகுதியின் கிராபிக்ஸ், 2048×2048க்கு மேற்பட்ட படத்தை ஒரே துண்டாகக் கையாளாது. 1280×1024 மொனிற்றர் இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்தால் அகலம் 2560. அலங்காரங்கள் ஓட மறுத்தன. டிரைவரை மாற்றியும் பயனில்லை. செற்றிங்ஸில் ஒன்றை மற்றதன் மேல் அடுக்கினால் 1280×2048. எல்லைக்குள் மட்டுமட்டாக அடங்கும். மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் திரைக்குப் போக மவுசை மேலே தள்ளவேண்டும் என்பது மட்டுமே தொல்லை.

பின்னர் வந்த கிராபிக்ஸ் தொகுதிகளில் இந்த எல்லை பல மடங்கு விரிந்துவிட்டது. எக்ஸ்11க்கு மாற்றாக 2008 இல் தொடங்கிய வேலண்ட் முறையில் ஒவ்வொரு மொனிற்றருக்கும் தனித்தனியாகப் படம் வரைய முடிகிறது. கேடிஈ குழுவின் லினக்ஸ் டெஸ்க்ரொப் சூழலான பிளாஸ்மா 6, 2024 பெப்ரவரியில் வேலண்டையே இயல்புத் தெரிவாகக் கொண்டு வெளிவந்தது. பழைய எக்ஸ்11 அமர்வில் கிழிகிறதென்றால், உள்நுழையும் திரையில் வேலண்டைத் தெரிவுசெய்து பாருங்கள்.

மடிக்கணினியில் வேறொரு சிக்கல். இரண்டு கிராபிக்ஸ் உள்ள பல மடிக்கணினிகளில், சொந்தத் திரை இன்டெலோடும் வெளியே போகும் எச்.டி.எம்.ஐ. துளை என்விடியாவோடும் இணைந்திருக்கும். ஒன்று வரைந்த படத்தை மற்றதுக்குப் பிரதியெடுத்துக் கொடுக்கவேண்டும். வெளித்திரையில் மட்டும் விக்கல் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இரண்டு டிரைவர்களையும் புதுப்பியுங்கள்.

மற்றச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோளாறு பிரவுசரில் மட்டும் என்றால், அதன் செற்றிங்ஸில் வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இல் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். திரை ஒருகணம் இருண்டு மீளும். பிளாஸ்மா 5 இன் எக்ஸ்11 அமர்வில் ஆல்ட், ஷிப்ட், எப்12 அழுத்தினால் அலங்காரங்கள் முழுதும் நிற்கும். அதோடு கோளாறும் நின்றால், பழுது அந்த அலங்காரங்களின் பக்கம். ஸ்கிறீன்ஷொட் சுத்தமாக இருந்தும் மொனிற்றரில் புள்ளி மின்னினாலோ எழுத்துக்கு நிழல் தட்டினாலோ, வயர்களை இடம்மாற்றுங்கள். பழுது வயரோடு போகிறதா, மொனிற்றரோடு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை ஒரு துண்டில் எழுதிவையுங்கள். இவ்வளவும் செய்து பார்க்காமல் "திரும்ப அடிச்சு விடுவம்" என்று யாராவது சொன்னால், ஸ்கிறீன்ஷொட்டைக் காட்டி, "பழுது எங்கே?" என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு காசைக் கொடுங்கள்.

(தொடரும்)