ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டுவது ஏன்?

சேலையூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவருக்குக் காய்ச்சலுக்காக இடுப்பில் ஊசி போட்டார்கள். காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் கட்டி கிளம்பிச் சீழ் வைத்தது. "புது ஊசிதானே ஸார் போட்டார்கள்?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி.

ஊசியின் பழைய கதையை அறியத் தாம்பரத்தைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. இங்குள்ள காசநோய்ச் சானடோரியத்தை 1928-இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கினார். 1937-இல் அரசு ஏற்றது. ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் கண்டறியப்பட்டது. அதன்பின் காசநோயாளிகள் பலர் மாதக்கணக்கில் ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தது. அந்நாளில் கண்ணாடிச் சிரிஞ்சுகளைக் கொதிக்கவைத்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார்கள்.

கொதிக்கவைத்தால் போதுமா?

போதாது. திறந்த பாத்திரத்தில் நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். அடுப்பை எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் சூடேறாது. ஸ்போர் என்னும் கடின உறைக்குள் ஒடுங்கிய கிருமிகள் அதில் பிழைத்துவிடும். பிரஷர் குக்கர் போன்ற மூடிய கலத்தில் சதுர அங்குலத்திற்கு 15 பவுண்டு அழுத்தம் கூடினால் நீராவி 121 டிகிரியை எட்டும். கருவியின்மேல் படிந்து நீராகும் ஒவ்வொரு கிராம் ஆவியும் 500 கலோரிக்கு மேல் வெப்பம் தரும். 15 முதல் 20 நிமிடத்தில் ஸ்போர்களும் மடியும். இதுவே ஆட்டோகிளேவ். இன்றைய பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் உறையிலிடப்பட்டு, வாயுவாலோ காமாக் கதிர்களாலோ கிருமி நீக்கப்பட்டு வருகின்றன.

பிறகு கிருமி எங்கிருந்து வந்தது?

ஊசி சுத்தமாக இருந்தாலும் வேறு வாசல்கள் உண்டு. தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் உள்ளே சென்றால் சில நாட்களிலேயே வலியும் சிவப்புமாகச் சீழ் கட்டும். வாரங்கள் கழித்து வருவது பெரும்பாலும் வேறு இனம்: காசநோய்க் கிருமியின் உறவினர்களான மைக்கோபாக்டீரியம் செலோனே, ஃபார்ட்யூட்டம் போன்றவை. இவை குழாய் நீரில் வாழ்பவை. குளோரினுக்கும் எளிதில் அஞ்சாதவை. டப்பாவில் நாட்கணக்கில் ஊறும் பஞ்சு, பலருக்கும் மருந்து எடுக்கும் புட்டி, ஈரக் கை ஆகியவை இவற்றுக்கு வழி திறக்கும். நம் மாணவரின் சீழில் தெரிந்ததும் இவ்வினமே. வழக்கமான மருந்துகளுக்கு இவை பணிவதில்லை. ஆகவே சீழைச் சோதித்தபின்பே அவருக்குச் சரியான மருந்து கிடைத்தது.

தடுப்பது எப்படி?

உறை பிரிக்காத சிரிஞ்சு நம் கண்முன் பிரிக்கப்பட வேண்டும். ஸ்பிரிட்டைப் புதுப் பஞ்சில் நனைத்து அரை நிமிடம் துடைத்து, தோல் உலர்ந்தபின் குத்த வேண்டும். ஊசிமுனையை விரலோ பஞ்சோ தொடக்கூடாது. மருந்துப் புட்டியின் ரப்பர் மூடியில் ஊசியைச் செருகியே வைத்திருக்கக்கூடாது. கட்டி வந்தால் பிதுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காசநோய்க்கே இன்று முதலில் தரப்படுபவை மாத்திரைகள்தாம். "மாத்திரை போதும்" என்று மருத்துவர் சொல்லும்போது, "ஒரு ஊசி போட்டுவிடுங்களேன்" என்று நாம் வற்புறுத்தாமல் இருப்பதே எல்லாவற்றிலும் எளிய தடுப்புமுறை.