ஒரு மழை, பல அறிக்கைகள்

"தமிழ்நாடு, புதுச்சேரி மற்றும் காரைக்கால் பகுதிகளில்..." என்று தொடங்கும் வானிலை அறிவிப்பை நீங்கள் வானொலியில் பலமுறை கேட்டிருப்பீர்கள். காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஒரு மாவட்டம்தானே? புதுச்சேரி என்று சொன்ன பிறகு காரைக்காலைத் தனியே சொல்வானேன்? இக்கேள்விக்கு விடை தேடினால், இன்று அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் பெரிதும் பேசப்படும் ஒரு கணிப்பொறி முறையும் நமக்கு விளங்கிவிடும். ஒரே தரவுத் தொகுதியிலிருந்து பல அறிக்கைகளை எடுப்பதும், அவை ஒன்றோடொன்று முரண்படாமல் காப்பதும் அம்முறையின் நோக்கம்.

அளவு ஒன்று, பயன் பல

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை அடுத்த கடலோர மீனவர் ஊர் பட்டினச்சேரி. ஐப்பசி மாதத்து இரவொன்றில் அந்த வட்டாரத்தில் அடைமழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை 8.30 மணிக்குக் காரைக்கால் வானிலை நிலையத்தில், முந்திய 24 மணி நேரத்தில் பெய்த மழையின் அளவு மழைமானியிலிருந்து குறிக்கப்படுகிறது. உலகெங்கும் வானிலைச் செய்திப் பரிமாற்றத்தில் இந்நிலையத்தை அடையாளம் காட்டும் எண் 43346.

இந்த ஓர் அளவு எத்தனை பேருக்கு வேண்டியிருக்கிறது, பாருங்கள்! அன்றைய மழைப் பட்டியலில் அது இடம் பெறுகிறது. மாதக் கணக்கிலும், வடகிழக்குப் பருவமழையின் மொத்தக் கணக்கிலும் சேர்கிறது. நாற்று நட்ட உழவர் வயலில் நீரை வடிப்பதா, தேக்குவதா என்று முடிவு செய்ய உதவுகிறது. வெள்ளத் தடுப்பு அலுவலருக்கும், தட்பவெப்ப ஆராய்ச்சியாளருக்கும் பயன்படுகிறது. அறிக்கைகள் பலவாயினும், அவற்றின் அடியில் இருக்கும் எண் ஒன்றே.

இனி நம் கேள்விக்கு வருவோம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் என நான்கு பகுதிகள் உள்ளன. அவை ஒன்றையொன்று தொடாமல் சிதறிக் கிடப்பவை. மாகி மேற்குக் கடற்கரையில் கேரளத்தின் நடுவே இருக்கிறது. ஏனாம் கோதாவரிக் கழிமுகத்தில் ஆந்திரத்தின் நடுவே இருக்கிறது. மழைக்கு ஆட்சி எல்லை தெரியாது அன்றோ? ஆகவே இந்திய வானிலைத் துறை நாட்டை 36 வானிலை உட்பிரிவுகளாகப் பிரித்து, மாகியைக் கேரளத்துடனும், ஏனாமைக் கடலோர ஆந்திரத்துடனும் சேர்த்திருக்கிறது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுடன் சேர்ந்து ஓர் உட்பிரிவாயின. அதனால்தான் அறிவிப்பில் மூன்று பெயர்களும் வருகின்றன.

ஆட்சி முறைப்படி ஓர் அறிக்கை எழுதினால் காரைக்கால் மழை மாகி மழையுடன் கூடும். வானிலை முறைப்படி எழுதினால் நாகப்பட்டினத்து மழையுடன் கூடும். இரண்டும் சரியே. அளவு ஒன்று; அதனைப் பகுக்கும் முறைதான் வேறு.

பிரதி எடுப்பதால் வரும் கேடு

பல அறிக்கைகள் வேண்டுமானால், எண்களை ஒவ்வொருவரும் தத்தம் பதிவேட்டில் எழுதிக்கொண்டால் போதாதா? போதாது. காரைக்காலில் பெய்த 84 மில்லிமீட்டர் மழையை ஒருவர் தவறுதலாக 48 என்று குறித்துவிட்டார் எனக் கொள்வோம். அதனை ஐந்து அலுவலகங்கள் படி எடுத்துக்கொண்டன. பிற்பகலில் பிழை தெரிந்து மூலத்தில் திருத்தினார்கள். இரண்டு அலுவலகங்கள் தாமும் திருத்திக்கொண்டன. மற்ற மூன்றும் திருத்தவில்லை. அடுத்த மாதம் ஐந்து அறிக்கைகளையும் ஒருசேர வைத்துப் பார்ப்பவர் எதனை நம்புவார்?

கணிப்பொறி வந்த பிறகு இந்தக் கேடு குறையவில்லை. படி எடுப்பது எளிதானதால் பெருகிற்று. இதற்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட். பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவு வங்கிகளை அமைக்கும் முறை பற்றி அவர் 1970இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஒவ்வொரு செய்தியையும் ஒழுங்கான அட்டவணைகளில் சேமித்துவைத்து, வேண்டியவர் வேண்டிய கோணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் காட்டிய வழி.

இன்று பிசினஸ் இன்டெலிஜென்ஸ் எனப்படும் மென்பொருள்கள் இவ்வழியிலேயே நடக்கின்றன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பவர் பி.ஐ. அவற்றுள் ஒன்று. இதில் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் மூலப் பதிவுகள், நடுவில் அவற்றை ஒழுங்குபடுத்திய பொதுத் தரவுத் தொகுதி, மேலே அறிக்கைகள். அறிக்கையைச் சன்னலுக்கு ஒப்பிடலாம். ஒரு வீட்டுக்குப் பத்துச் சன்னல்கள் இருந்தாலும் முற்றம் ஒன்றுதான். முற்றத்தில் ஒரு செடி நட்டால் எல்லாச் சன்னல்களிலும் அது தெரியும்.

இலக்கணம் ஓரிடத்தில்

எண்களை ஓரிடத்தில் வைத்தால் மட்டும் போதுமா? அவற்றின் பொருளையும் அங்கேயே வகுத்துவைக்க வேண்டும். ஒரு மாதத்தில் எத்தனை நாள் மழை பெய்தது என்று கேட்டால், தூறல் விழுந்த நாளையும் ஒருவர் எண்ணுவார், மற்றொருவர் எண்ணமாட்டார். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் அது மழைநாள் என்பது இந்திய வானிலைத் துறையின் வரையறை. அதுபோலவே, 15ஆம் தேதி காலை 8.30 முதல் 16ஆம் தேதி காலை 8.30 வரை பெய்த மழை 16ஆம் தேதிக் கணக்கில் எழுதப்படும். 15ஆம் தேதி இரவு நனைந்தவர், பட்டியலில் 15ஆம் தேதியைப் பார்த்து மழை இல்லையே என்று திகைக்கக் கூடாது. இத்தகைய வரையறைகளை ஒவ்வோர் அறிக்கையிலும் தனித்தனியே எழுதாமல், தரவுத் தொகுதியிலேயே ஒருமுறை எழுதிவிடுவது முதல் விதி.

அறிக்கையிலிருந்து அறிக்கை எடுக்காதீர்

இரண்டாம் விதி இது. தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160. ஒருநாள் தமிழ்நாட்டுச் சராசரி மழை 20 மில்லிமீட்டர் என்று ஓர் அறிக்கையும், காரைக்கால் சராசரி 100 மில்லிமீட்டர் என்று மற்றோர் அறிக்கையும் கூறுவதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 60 வரும். பரப்புக்கு ஏற்ப எடை கொடுத்துக் கணக்கிட்டால் 20.1தான் வரும்! சராசரிகளின் சராசரி எவ்வளவு ஏமாற்றும் என்பதைக் கண்டீர்களா? புதிய அறிக்கை வேண்டுமெனில் பழைய அறிக்கையிலிருந்து எடுக்காமல், மீண்டும் தரவுத் தொகுதிக்கே சென்று கணக்கிட வேண்டும்.

அடிப்படை மாறும்போது

மழை மிகுதியா, குறைவா என்பதை நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டே கூறுகிறோம். நாடு முழுவதற்குமான தென்மேற்குப் பருவமழைக்கு 1961 முதல் 2010 வரையிலான சராசரி 880.6 மில்லிமீட்டர். 2022இல் வானிலைத் துறை 1971 முதல் 2020 வரையிலான சராசரியை மேற்கொண்டது, அது 868.6 மில்லிமீட்டர். ஓர் ஆண்டில் 870 மில்லிமீட்டர் பெய்தால் பழைய கணக்கில் 98.8 விழுக்காடு, புதிய கணக்கில் 100.2 விழுக்காடு. அதே மழையை ஓர் அறிக்கை சற்றுக் குறைவு என்னும். மற்றொன்று சற்று மிகுதி என்னும். சராசரி, தரவுத் தொகுதியில் ஓரிடத்தில் இருந்தால், அங்கு மாற்றியவுடன் எல்லா அறிக்கைகளும் ஒருங்கே மாறிவிடும். ஆனால் மாற்றுவதற்கு முன்பே பயன்படுத்துவோர் யாவருக்கும் அறிவிக்க வேண்டும். இது மூன்றாம் விதி.

இதற்குத் துணையாக, எந்தெந்த அறிக்கைகள் எந்தத் தரவுத் தொகுதியை நம்பி நிற்கின்றன என்ற பட்டியலை இம்மென்பொருள்கள் காட்டுகின்றன. அதைப் பாராமல் கைவைத்தல் ஆகாது. பயன்படாத தொகுதி என்று எண்ணி ஒருவர் அழித்துவிட்டால், அதைச் சார்ந்த அறிக்கைகளும் பயனற்றுப் போகும். ஆகவே அறிக்கை எழுதும் உரிமையைப் பலருக்குத் தரலாம். தொகுதியைத் திருத்தும் உரிமையைப் பொறுப்புள்ள சிலருக்கே தர வேண்டும்.

எத்தனை மணிச் செய்தி?

2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்கு முன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மிகப் பலத்த காற்று வீசிற்று. இத்தகைய காலத்தில் மூன்று மணிக்கு ஒருமுறையேனும் புதிய அறிவிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் புயலின் இடமும், கரை கடக்கும் நேரமும் திருத்தப்படுகின்றன. கரும்பலகையில் காலைச் செய்தியும், கைப்பேசியில் மாலைச் செய்தியும் இருந்தால், பட்டினச்சேரியில் படகை எங்கே ஏற்றிக் கட்டுவது என்று முடிவு செய்பவர் எதனைக் கொள்வார்? எனவே ஒவ்வோர் அறிக்கையின் தலையிலும் தரவு எடுக்கப்பட்ட நாளும் நேரமும் இருக்க வேண்டும். நேரம் குறியாத அறிக்கை, தேதி கிழிக்காத நாள்காட்டிக்குச் சமம். இது நான்காம் விதி.

ஒரு பிழை, பல இடங்களில்

இம்முறையில் குறையே இல்லையா? உண்டு. ஊற்று கலங்கினால் வாய்க்கால்கள் யாவும் கலங்கும். தனித்தனிப் பதிவேடுகள் இருந்தபோது ஒருவர் செய்த பிழையை மற்றொருவர் பதிவேடு காட்டிக்கொடுக்கும். பொதுத் தொகுதியில் நுழைந்த பிழையோ எல்லா அறிக்கைகளிலும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றுபோலத் தோன்றுவதாலேயே உண்மை போலவும் தோன்றும். ஆகையால் எண் உள்ளே வரும் வாயிலிலேயே சோதனை வேண்டும். காரைக்காலில் 200 மில்லிமீட்டர் என்று பதிவாகி, அருகிலுள்ள நாகப்பட்டினத்தில் சுழியம் என்று இருந்தால், அதைக் கணக்கில் சேர்க்குமுன் ஒருமுறை கேட்டுத் தெளிவது நலம். அறிக்கைகள் தம்முள் ஒத்திருப்பது ஒன்று. அவை உண்மையோடு ஒத்திருப்பது வேறொன்று.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நிலையத்தின் ஒரு மாத மழை அளவுகளைச் செய்தித்தாளிலிருந்து திரட்டுங்கள். ஒரு தாளில் தேதி, அளவு என்ற இரண்டு பத்திகளில் எழுதுங்கள். அத்தாளிலிருந்து மூன்று அறிக்கைகள் எடுங்கள்: மாத மொத்தம், மழைநாள்களின் எண்ணிக்கை, மிகுதியான மழை பெய்த நாள். பிறகு ஏதேனும் ஓர் எண்ணை மாற்றிவிட்டு, எந்த அறிக்கைகள் மாறுகின்றன என்று பாருங்கள். கணிப்பொறி உள்ளவர்கள் இதையே விரிதாளில் செய்யலாம்; மாற வேண்டியவை தாமாகவே மாறுவதைக் காண்பீர்கள்.

கடைக்கணக்கோ, கூட்டுறவுச் சங்கத்து மீன் விற்பனைக் கணக்கோ, புயல் எச்சரிக்கையோ எதுவாயினும் இவ்விதிகள் பொருந்தும். பலரும் ஒரே எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் இடத்தில், அந்த எண் எங்கிருந்து வந்தது, என்ன பொருளில் வந்தது, எப்போது வந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் அறிக்கையே விடை சொல்ல வேண்டும். அடுத்த முறை வானொலியில் காரைக்காலின் பெயரைத் தனியே கேட்கும்போது, உங்களுக்கு வேண்டியது எந்தப் பகுப்பில் எடுத்த அறிக்கை என்று கேட்டுப் பாருங்கள்.