கரண்டு குக்கர் வாங்கப் போகிறீர்களா?

மும்பை நகரில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. அங்கே தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். அங்கு ஒரு சிறிய வீடு. வீட்டில் ஐந்து பேர். மாமியார் விடியும் முன்னே இட்லி விற்கக் கிளம்பிவிடுவார். மருமகள் தையல் வேலைக்குப் போகிறார். எட்டு மணிக்குள் சோறு ஆக வேண்டும். அதனால் கரண்டு குக்கரில்தான் சோறு ஆக்குவார்கள்.

அது பழைய குக்கர். யாரோ கொடுத்தது. ஒருநாள் மருமகள் ஈரக் கையோடு அதைத் தொட்டார். சுருக்கென்று இழுத்தது.

"அத்தை, குக்கர் ஷாக் அடிக்குது."

"அது எப்பவும் அப்படித்தாம்மா. செருப்பைப் போட்டுக்கிட்டுத் தொடு."

மறுநாள் நான்கு வயதுப் பிள்ளை குக்கர் அருகே போனான். கையை நீட்டினான். மருமகள் ஓடிவந்து பிள்ளையை இழுத்தார். சுவிட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். அப்போதுதான் அதை உற்றுப் பார்த்தார். பிளக்கில் இரண்டு கால்களே இருந்தன. மூன்றாவது காலை யாரோ வெட்டியிருந்தார்கள்.

அந்த மூன்றாவது கால் எதற்கு? அது மற்ற இரண்டையும்விடத் தடிப்பாக, நீளமாக இருக்கும். அதற்கு 'எர்த்' என்று பெயர். குக்கருக்குள் கரண்டு கசிந்தால், அது எர்த் வயர் வழியாகப் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால்? தொடுகிறவர் உடல் வழியாகப் போகும். உயிரே போகலாம். செருப்பு போட்டால் போதும் என்று நினைப்பது தவறு.

எனவே புதுக் குக்கர் வாங்கும் முன்னே வீட்டைப் பாருங்கள். சுவரில் மூன்று துளைப் பிளக் இருக்கிறதா? துளை மட்டும் இருந்தால் போதாது. அதில் எர்த் வயர் சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீசியனைக் கேளுங்கள். இல்லாவிட்டால் புதுக் குக்கரும் ஒருநாள் ஷாக் அடிக்கலாம்.

சோறு வெந்தது குக்கருக்கு எப்படித் தெரிகிறது? இதைத் தெரிந்துகொண்டால் நல்ல குக்கரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 1955இல் ஜப்பான் நாட்டின் தோஷிபா கம்பெனி தானாக அணையும் குக்கரை விற்கத் தொடங்கியது. இன்று விற்கும் சாதாரணக் குக்கர்களில் அடித்தட்டின் நடுவே ஒரு காந்தம் இருக்கும். தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கும். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சூடு அதற்கு மேல் ஏறாது. அரிசி தண்ணீரைக் குடித்துவிட்டால் சூடு ஏறும். சூடு ஏறியதும் காந்தம் பிடியை விடும். டக்கென்று சுவிட்ச் மேலே வரும். அவ்வளவுதான்!

பாத்திரத்தின் அடி அந்தக் காந்தத்தின் மேல் நன்றாக உட்கார வேண்டும். நடுவில் ஒரு பருக்கை கிடந்தாலும் சோறு சரியாக வேகாது. அடி நசுங்கினாலும் அப்படித்தான். பலர் குக்கர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். துடைத்தாலே சரியாகியிருக்கும்! பிளக்கைக் கழற்றி, ஆறிய பிறகு துணியால் துடையுங்கள். பாத்திரத்தைக் கழுவலாம். அடுப்புப் பகுதியில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மாமியாரும் மருமகளும் கடைக்குப் போனார்கள். கடைக்காரரும் தமிழர். நிறைய பட்டன் உள்ள குக்கரைக் காட்டினார்.

"அக்கா, இதுல கேக் கூட செய்யலாம்."

"எங்களுக்குச் சோறு போதும் தம்பி. இதுல எத்தனை கிலோ அரிசி வேகும்?"

நல்ல கேள்வி. பெட்டியில் லிட்டர் கணக்குதான் பெரிதாக எழுதியிருக்கும். அதை மட்டும் நம்பக் கூடாது. எவ்வளவு அரிசி வேகும் என்று கேளுங்கள். பெரிய குக்கரில் ஒரு பிடி அரிசி போட்டால் அடி காயும். சின்னதில் நிறையப் போட்டால் கஞ்சி பொங்கி வழியும்.

குக்கரின் அடியில் வாட் எழுதியிருக்கும். 700 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். 700 வாட் அரை மணி நேரம் எரிந்தால்? சுமார் மூன்றில் ஒரு பங்கு யூனிட். இதை உங்கள் கரண்டு பில்லோடு கணக்குப் பாருங்கள்.

கறுப்புப் பூச்சுள்ள பாத்திரத்தில் சோறு ஒட்டாது. ஆனால் இரும்புக் கரண்டி பட்டால் பூச்சு உரியும். நம் வீடுகளில் நார் போட்டுத் தேய்க்காமல் யாருக்கும் மனம் ஆறாது. அப்படிப்பட்டவர்களுக்கு எவர்சில்வர் பாத்திரமே நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். தேதி போட்ட பில்லையும் வாரண்டி அட்டையையும் வாங்குங்கள்.

அவர்கள் ஒரே ஒரு சுவிட்ச் உள்ள குக்கரை வாங்கினார்கள். முதல் நாள் புழுங்கல் அரிசி அரைவேக்காடாக நின்றது. மாமியார் முகம் சுளித்தார். மருமகள் அரை டம்ளர் வெந்நீர் ஊற்றினார். சுவிட்சை அழுத்தினார். நிற்கவில்லை. காந்தம் ஆறினால்தான் மறுபடி பிடிக்கும். பத்து நிமிடம் கழித்து அழுத்தினார். சோறு பூவாக வெந்தது. இப்போது அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுத்தான் போடுகிறார்.

"பழைய குக்கரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துரலாமா?" என்றார் மாமியார்.

"வேண்டாம் அத்தை. அங்கேயும் பிள்ளைங்க இருக்கு."

மருமகள் அதன் வயரை வெட்டினார். பிறகுதான் பழைய சாமான் கடையில் போட்டார். பாத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். அதில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது.